பேறுகாலச் சர்க்கரையும் பெண்களின் இதயமும்



அம்பத்தூரில் ரயில் ஏறினால் சில நிறுத்தங்களில் பெரம்பூர். அங்குள்ள ரயில்வே மருத்துவமனையில்தான் 1975-ல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். இத்தனை பக்கத்தில் சிகிச்சை இருந்தும், மாரடைப்பு என்றால் ஆண்களுக்கு வருவது என்றே நம் வீடுகளில் இன்னும் பேசிக்கொள்கிறோம்.

52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட ஏறத்தாழ 9 ஆண்டுகள் தள்ளித்தான் வருகிறது. தள்ளி வருகிறதே தவிர, வராமல் இருப்பதில்லை. சர்க்கரை நோய் சேர்ந்துவிட்டால் அந்தச் சலுகையும் பெரும்பாலும் பறிபோகிறது.

அந்தச் சர்க்கரை பலருக்கு முதலில் தலைகாட்டுவது கர்ப்ப காலத்தில். டாக்டர் வி. சேஷய்யாவின் முயற்சியால், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதற்கான சோதனையைத் தமிழக அரசு 2007-ல் கொண்டுவந்தது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் பெரும்பாலும் அளவு இறங்கிவிடும். "எல்லாம் நார்மல்" என்று ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறோம். அங்கேதான் கோட்டை விடுகிறோம். கர்ப்பத்தில் சர்க்கரையோ பிரஷரோ ஏறியவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாளெல்லாம் தையல் மெஷின் முன் உட்கார்ந்துவிட்டு, வீடு வந்ததும் அடுப்படிக்குள் நுழையும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மூச்சு வாங்குகிறது. தாடையும் முதுகும் வலிக்கின்றன. குமட்டுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. "கேஸ்தான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்கிறார். நெஞ்சை அழுத்தும் வலி இல்லாமலும் பெண்களுக்கு மாரடைப்பு வரும். சோடாவுக்கு ஆள் அனுப்பாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துச் சகோதரிகளே, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "மாசமா இருந்தப்போ எனக்கு சுகர் இருந்தது, பிரஷர் இருந்தது" என்று கேட்காமலே சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் உள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களுக்குச் செக்கப் எடுக்கும் அன்றே மனைவிக்கும் அம்மாவுக்கும் சேர்த்து எடுங்கள்.