பட்டியலில் இல்லாத வீடுகள்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுக என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, கல்வியின் பெருமையை மீண்டும் ஒருமுறை எடுத்துரைப்பதில் பயனில்லை என்று கருதினேன். அப்பெருமையை அறியாதவர் இப்பந்தலில் எவருமில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்காகத் தாம் ஒருவேளை உணவைக் குறைத்துக்கொண்ட தாய்மார்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே, ஒரே ஒரு படிப்பைப் பற்றி மட்டும் பேச விழைகின்றேன். மக்களின் உடல்நலத்தையும், முதியோர், ஊனமுற்றோர், நெடுநாள் நோயாளர் ஆகியோரின் பராமரிப்பையும் ஆராய்வதற்கும், அவற்றிற்கான நிறுவனங்களை நிர்வகிப்பதற்கும் உரிய முதுநிலைப் படிப்பே அது. பொதுச் சுகாதார முதுகலை என்றும், மருத்துவமனை நிர்வாக முதுகலை என்றும் பல்கலைக்கழகங்கள் அதற்குப் பல பெயர்களைச் சூட்டியுள்ளன.

"டாக்டருக்குப் படி, நர்ஸுக்குப் படி என்று சொல்லாமல் இதென்ன புதிய படிப்பு?" என்று பெற்றோர் கேட்கலாம். கேட்பது முறையே. விடை கூறச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நம் மாவட்டத்தில் மேலைநாட்டு மருத்துவத்தின் வரலாறு நீண்டது. நம் முன்னோருள் ஒருவரான மயிலாடி வேதமாணிக்கம் அவர்களின் அழைப்பை ஏற்று 1806-இல் ரிங்கல்தௌபே தென்திருவிதாங்கூருக்கு வந்தார். அவர் ஊன்றிய லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860-களில் டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவப் பயிற்சி வகுப்பு நடத்தினார். எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுவில் 1922-இல் இடம்பெற்றிருந்த சாமர்வெல், மலையை விட்டிறங்கி வந்து நெய்யூரைக் கண்டு, இங்கேயே தங்கி அறுவை மருத்துவராகப் பல்லாண்டு உழைத்தார். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் காதரின் பூத் மருத்துவமனை எழுந்தது. இன்று ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கின்றது.

இந்த நெடிய காலத்தில் நாட்டின் மருத்துவமனைகளுக்குள் நம்மவர் எந்தெந்த வாயில் வழியாக நுழைந்தனர்? முதலில் நோயாளிகளாக, பின்னர் துடைப்பத்தோடும் வாளியோடும், அதன்பின் படித்துச் செவிலியராக, மருந்தாளுநராக, அருமையாகச் சிலர் மருத்துவராக. இவையனைத்தும் பெருமைக்குரியனவே. ஆயின், எத்தனை படுக்கை, எந்த ஊருக்கு எந்த வண்டி, எந்தப் பணியை ஒப்பந்தக்காரரிடம் விடுவது என்று முடிவு செய்யும் மேசையின் முன் நம்மவர் எத்தனை பேர் அமர்ந்துள்ளனர்?

அம்மேசை எவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஒரு சான்று. 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அக்கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி, டெட்டனஸ் ஆகியவற்றிற்கான தடுப்பூசி போடுவதும், வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கொரு முறையும் உடற்பரிசோதனை செய்வதும் மருத்துவமனையின் கடமைகளாகும். குத்திய ஊசிகளைப் பொறுக்கும் கை யாருடைய கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விதி அச்சில் இருக்கின்றது. ஆயினும் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏறுமா, ஏறாதா என்பதைத் தீர்மானிப்பவர் நிர்வாகியே. அவ்விதியைப் படித்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தால், ஓர் ஆர்ப்பாட்டமும் இன்றி ஐம்பது பேருக்குத் தடுப்பூசி கிடைத்துவிடும். அறுவை சிகிச்சை செய்யும் கை ஒரு நேரத்தில் ஓர் உயிரைக் காக்கின்றது. நிர்வாகியின் கையெழுத்து எத்தனை உயிரைக் காக்கும், எத்தனை உயிரைக் கைவிடும் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி ஆய்வுக்கு வருகின்றேன். இதனைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்; பொறுத்தருள்க.

குமரி மாவட்டம் 2011 கணக்கின்படி 91.75 சதவீத எழுத்தறிவு பெற்று, தமிழகத்தில் முதலிடம் வகித்தது. மருத்துவமனைகளும் இங்கு மிகுதி. இதனைக் கேட்டு நாமும் மகிழ்கின்றோம். ஆனால் சராசரி என்பது ஒரு விசித்திரமான பொருள். ஊர்ப்பொதுக் குளத்தின் சராசரி ஆழம் இடுப்பளவு என்று நம்பி இறங்கியவன், மடையருகே மூழ்கிப் போகலாம். இம்மாவட்ட மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 4 சதவீதமே. தேசியக் குடும்பநல ஆய்வு ஒரு மாவட்டத்துக்குச் சுமார் 900 வீடுகளை எடுத்துக்கொள்கின்றது. அந்த 900-இல் 4 சதவீதம் எத்தனை? 36 வீடுகள்! அந்த 36 வீடுகளுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகள் எத்தனை இருக்கும்? அதிலிருந்து நம் குழந்தைகளின் நிலை பற்றி எந்தப் புள்ளியியலாரும் எதையும் உறுதியாகக் கூற இயலாது. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. கணக்கின் இயல்பே அது. மாவட்டம் சிறப்பாக இருக்க இருக்க, அதற்குள் நாம் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றோம்.

இன்னொன்றும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்பதை இந்துக்களோடு நிறுத்தியது, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஒரே தெருவில், ஒரே கிணற்றில் நீர் இறைக்கும் அண்ணனும் தம்பியும் அரசின் ஏட்டில் இரு வேறு பத்திகளில் நிற்கும் மாவட்டம் நம்முடையது. ஆகவே அந்த 4 சதவீதமும் நம் முழு எண்ணிக்கை அன்று.

நான் பட்ட மேற்படிப்பு மாணவனாக இருந்த காலத்தில், குழந்தைகளின் எடையை அளக்கும் ஒரு கணக்கெடுப்புக்காக ஓர் ஊருக்குச் சென்றேன். வீடுகளின் பட்டியலை முன்னரே எங்களிடம் கொடுத்திருந்தனர். பட்டியல் சானல்கரையோடு முடிந்துவிட்டது. கரைக்கு அப்பால் 18 வீடுகள்; அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, "அவை பட்டியலில் இல்லை" என்றார் மேற்பார்வையாளர். அவர் தீயவர் அல்லர். எங்களுக்குத் தம் கைப்பணத்தில் தேநீர் வாங்கிக் கொடுத்தவர். பட்டியலில் இல்லாததை எண்ணுவதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை, அவ்வளவுதான். நாங்கள் தராசைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, கரையில் நின்ற ஓர் அக்காள், "எங்க பிள்ளையளயும் தூக்கிப் பாப்பியளா, சாரே?" என்று கேட்டார். அன்று மாலை நான் தனியே சென்று அப்பிள்ளைகளின் எடையைப் பார்த்தேன். அவ்வெடைகள் எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இன்றும் என்னிடம் கிடக்கின்றன.

ஆய்வாளர் நம்மவராக இருந்தால் மட்டும் போதும் என்று நான் கூறவில்லை. ஆய்வு முறையை ஐயமறக் கற்றவராகவும் இருக்க வேண்டும். 2018-இல் ஐக்கிய நாடுகளின் மகளிர் அமைப்பு வெளியிட்ட அறிக்கையொன்று, உயர்சாதிப் பெண்களைவிடத் தலித் பெண்கள் 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர் என்று கூறியது. நம் மேடைகளில் அவ்வெண் இடிபோல் முழங்கியது, நானும் முழக்கியவனே. பின்னர்தான் உணர்ந்தேன்: அது இறந்தோரின் சராசரி வயது, வாழ்நாள் எதிர்பார்ப்பு அன்று. குழந்தைகளும் இளையோரும் மிகுந்த சமூகத்தில், இறப்பின் அபாயம் ஒன்றாகவே இருப்பினும், இறந்தோரின் சராசரி வயது குறைவாகவே தோன்றும். 2022-இல் மூன்று ஆய்வாளர்கள் வட, கிழக்கு மாநிலங்கள் ஒன்பதில் எடுக்கப்பட்ட சுமார் 2 கோடிப் பேரின் விவரங்களைக் கொண்டு முறையாகக் கணக்கிட்டனர். உயர்சாதியினரைவிடத் தலித் மக்களின் வாழ்நாள் 3 ஆண்டுகளுக்கு மேலும், பழங்குடியினரின் வாழ்நாள் 4 ஆண்டுகளுக்கு மேலும் குறைவு என்று கண்டனர். சொத்து வேறுபாடு இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. எண் சிறிதாயிற்று, ஆனால் எவராலும் அசைக்க முடியாததாயிற்று. ஏழ்மைதான் காரணம், சாதி அன்று என்று தட்டிக்கழிப்பவர்க்கு அதுவே விடை. அந்த ஒன்பது மாநிலங்களுள் தமிழகம் இல்லை. தமிழகத்துக்கும், நம் குமரிக்கும் அக்கணக்கை யார் போடுவது?

2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கு வீட்டுக்கே மருந்து; படுக்கையில் கிடப்பவர்க்கு வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும். நல்ல திட்டம். பெரிய தெருவுக்கு வரும் தொண்டர், அதே முறைப்படி சானல்கரைக்கும் வருகின்றாரா? வருகின்றார் என்றால் அதுவும் எழுதப்பட வேண்டிய செய்தியே. நம் பிள்ளை ஒருவர் ஆய்வேட்டுக்கு இதனைவிடச் சிறந்த தலைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எங்கே படிப்பது? 1956 நவம்பர் 1 வரை நமக்குத் தலைநகராக இருந்த திருவனந்தபுரத்திலேயே, நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைச் சேர்ந்த அச்சுத மேனன் மையம் இருக்கின்றது. 1997 முதல் அங்கே பொதுச் சுகாதார முதுகலை கற்பிக்கப்படுகின்றது, இரண்டாண்டுப் படிப்பு. மருத்துவர் மட்டுமின்றிப் பிற துறையினரும் சேரலாம். எந்தெந்தப் பட்டம் தகுதியுடையது என்பதை அவ்வாண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்க. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் மருத்துவமனை நிர்வாகமும், சமூக நோய்ப்பரவலியலும் உண்டு. டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையம், சாதியையும் வறுமையையும் நோயோடு சேர்த்துப் பார்ப்பதற்குப் பெயர் பெற்றது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் மருத்துவப் பட்டதாரிகளுக்கு உரியது.

வெளிநாடு செல்ல விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. நாகர்கோவில் முதல் மார்த்தாண்டம் வரை சுவர்தோறும் விளம்பரங்கள். "இங்கிலாந்தில் ஓராண்டு சுகாதார நிர்வாகம் படி, முதியோர் இல்லத்தில் வேலை உறுதி, குடும்பத்தோடு குடியேறு" என்று ஆசை காட்டும் தரகர் பலர். 2024 ஜனவரி முதல், ஆய்வுப் படிப்பு அல்லாத முதுகலை மாணவர் தம் குடும்பத்தினரை உடன் அழைத்துச் செல்ல அந்நாடு அனுமதிப்பதில்லை. 2025 ஜூலை 22 முதல், பராமரிப்புத் தொழிலாளரை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையும் நிறுத்திவிட்டது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன் இவ்விரு தேதிகளையும் நினைவிற்கொள்க. படிப்புக்காகப் போவது வேறு. வேலைக்காகப் படிப்பை விலைக்கு வாங்குவது வேறு.

பணவுதவிக்கு வழிகள் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு உட்பட்டோர்க்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. வெளிநாட்டுக்குத் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு அத்தொகை இல்லை என்று 2022-இல் வெளியான நெறிமுறைகள் கூறின. 1916-இல் கொலம்பியாவில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்த பாபாசாகேப் அம்பேத்கர் அந்நெறிமுறையின் கீழ் விண்ணப்பித்திருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்று எண்ணிச் சிரிப்பதா, அழுவதா? நம் கிறிஸ்தவ உறவினர்க்கு அத்தொகையும் இல்லை. அவர்கள் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தை நாடலாம்.

இப்போது நான் முடித்துக்கொண்டால், பேச்சு நன்றாயிருந்தது என்று கூறிக் கலைந்துவிடுவீர்கள். ஆகவே ஒரு வேலை தருகின்றேன். செவிலியம், சமூகப்பணி, புள்ளியியல், பொருளியல் ஆகிய துறைகளில் இறுதியாண்டு பயிலும் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நுழைவுத் தேர்வுக்குப் புள்ளியியல் பாடத்தை ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் நானே நடத்துகின்றேன். முதல் பயிற்சியாக நம் ஊர்களில் சானல்கரை, குளத்தங்கரை வீடுகளின் பட்டியலை நாமே எழுதப் போகின்றோம். அந்தப் பழைய நாற்பது பக்க நோட்டையும் கொண்டுவருவேன்.