முப்பத்தொன்பது இலக்கங்களில் ஒரு பகா எண்

கவிதை ஒலிக்கும் மேடையில் ஓர் எண்ணை வாசிக்கிறேன், பொறுத்தருள்க.

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727

மும்மூன்று இலக்கங்களை ஒரு சீராகக் கொண்டால் பதின்மூன்று சீர்கள். வெண்பா ஒன்றின் பதினைந்து சீருக்குள் அடங்கிவிடும். 127 இரண்டுகளைப் பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது இது. ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண்.

வகுபடாது என்று எவ்வாறு அறிந்தனர்? பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார், நிறுவினாரில்லை. அதே பட்டியலில் 67, 257 என்ற அடுக்குகள் பிழையாக இடம்பெற்றன. 61, 89, 107 விடுபட்டன. எனவே அவர் வாக்கே சான்றாகாது. வகுத்துப் பார்ப்போமெனில், இதன் வர்க்கமூலம் வரையுள்ள எண்களை நொடிக்கு ஒன்றாகச் சோதிக்க ஏறத்தாழ 40,000 கோடி ஆண்டுகள் ஆகும்.

1876இல் எடுவார் லூக்கா எந்த எண்ணாலும் வகுத்துத் தேடாமலே இதை நிறுவினார். (ஹனோய்க் கோபுரம் என்னும் புதிர் விளையாட்டைத் தந்தவரும் இவரே.) அவர் முறையைப் பின்னாளில் லேமர் செப்பனிட்ட வடிவில், 31 என்ற சிறிய எண்ணைக் கொண்டு காட்டுகிறேன். 31 என்பது ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. நான்கில் தொடங்குக. வர்க்கப்படுத்தி இரண்டைக் கழிக்க, 14. மீண்டும் அவ்வாறே செய்ய, 194; அதை 31ஆல் வகுக்க மீதி 8. மீண்டும் செய்ய, 62, மீதி சுழியம். ஐந்தில் இரண்டு குறைய மூன்று படிகள். மூன்றாம் படியில் சுழியம் வந்ததால் 31 பகா எண். நம் எண்ணுக்கோ நூற்றுக்கு மேற்பட்ட படிகள். ஒவ்வொன்றிலும் பேரெண் பெருக்கல். பொறியின் துணையின்றிக் கண்ட பகா எண்களில் இதுவே பெரியது. 1951 வரை, 75 ஆண்டுகள், இதை விஞ்சிய பகா எண் எதையும் எவரும் அறிந்திலர். 2024இல் கண்டறியப்பட்டதற்கு 4,10,24,320 இலக்கங்கள். அதையும் உறுதிசெய்தது இதே முறைதான்.

இனி என்னைத் தூங்கவிடாத செய்தி. இரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 3. மூன்றைப் பெருக்கிக் கழித்தால் 7. ஏழைப் பெருக்கிக் கழித்தால் 127. 127ஐப் பெருக்கிக் கழித்தால் நம் எண். நான்கும் பகா எண்கள். இச்சங்கிலியை நினைத்துப் பார்த்தவர் கத்தலான். அடுத்த கண்ணியின் இலக்கங்கள் எத்தனை என்று சொல்லவே 38 இலக்கங்கள் வேண்டும். அதை எழுதவே இயலாது. லூக்காவின் படிகளில் ஏற்றுவது எங்ஙனம்? அது பகுமா, பகாதா, எவரும் அறியார்.

பகும் என்பதே என் ஊகம். கவிஞர்கள் உடன்படமாட்டீர்கள், நான்கு அடிகளில் கேட்ட இயைபை ஐந்தாம் அடியிலும் செவி நாடும். ஆயினும் ஒரு முன்கதை உண்டு. 13 இரண்டுகளில் பிறந்த 8191 பகா எண். அத்தனை இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவதும் பகா எண்ணே என்று நம்பியிருந்தனர். 1953இல் கணிப்பொறி அதைப் பகு எண் என்று காட்டிவிட்டது.

நம் ஐந்தாம் கண்ணிக்குச் சிறு வகு எண்களைத் தேடியவர் உளர். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.