மலக்குழி மரணங்கள்: இழப்பீடு இருக்கிறது, குற்றவாளி எங்கே?

(சட்டக் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சட்டம் படித்தவள் அல்ல. சமூகவியலில் ஆய்வு செய்கிறேன். அதற்காக, மலக்குழிக்குள் இறங்கி இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய் வருகிறேன். போகிற வீட்டில் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். இறந்தவரைப் பற்றிய தாள்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு வீட்டில் அந்த அக்கா ஒவ்வொரு தாளாக எடுத்துத் தரையில் வைத்தார். இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். கடைசியாக ஒரு பத்திரத்தாள். தன் கணவர் இறந்தது எதிர்பாராத விபத்து என்றும், வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரர் மீதோ அழைத்துப்போன மேஸ்திரி மீதோ தனக்குப் புகார் ஏதும் இல்லை என்றும் அதில் டைப் அடித்திருந்தது. கீழே அவர் கையெழுத்து.

"எடுத்து அடக்கம் பண்ணக் காசு வேணும்ல பாப்பா. அம்பதாயிரம் குடுத்தாங்க, போட்டுட்டேன்" என்றார்.

பத்திரத்தில் இருந்த தேதி, அவர் கணவரை அடக்கம் செய்த நாள்.

நீங்கள் சட்டம் படிக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு அரசுத் தரப்பு வழக்கு. குடும்பம் எழுதிக்கொடுத்துச் சமரசம் செய்துகொள்ளக் கூடியது அல்ல. சட்டத்தின் முன்னால் அந்தத் தாள் வெறும் தாள். ஆனால் அதை எழுதி வாங்கியவர்களுக்கு அது போதும். நாளைக்குச் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவரின் வாயை அன்றைக்கே அடைத்தாகிவிட்டது.

'விபத்து' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். மூடிக்கிடக்கும் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேரும், உள்ளே பிராணவாயு குறையும். முதலில் இறங்கியவர் மயங்கி விழுகிறார். தூக்கிவிடப் போன இரண்டாமவரும் விழுகிறார். செய்தித்தாளில் "மூவர் பலி" என்று வருவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரே மாதிரி, ஒரே காரணத்தால், ஆண்டுக்கணக்காக நடக்கும் ஒன்றை எதிர்பாராதது என்று யார் சொல்ல முடியும்? கவனக்குறைவு என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் முதல் கேள்வியே முன்கூட்டி அறிந்திருக்க முடியுமா என்பதுதானே. இங்கே சட்டமே முன்கூட்டிச் சொல்லிவைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம், 7ஆவது பிரிவில், ஆபத்தான முறையில் சாக்கடையையும் மலக்குழியையும் சுத்தம் செய்ய ஆட்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. பிணையில் வர முடியாத குற்றம்.

ஓட்டையும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. 'ஆபத்தான முறை' என்பதற்குத் தந்த விளக்கத்தைப் படியுங்கள். பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்கினால்தான் ஆபத்தான முறை. ஆக, "கையுறை கொடுத்தோம், அவர்தான் போடவில்லை" என்று ஒருவர் சொன்னால் போதும், பழி செத்தவர் தலைக்குப் போய்விடும்.

இனி பணத்துக்கு வருகிறேன். சஃபாய் கர்மசாரி அந்தோலன் 2003இல் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சம் ஆனது. மூன்று மடங்கு என்று கொண்டாடினோம். தீர்ப்பைப் படித்தால், 1993 முதல் பொருந்தும் 10 லட்சத்தின் இன்றைய மதிப்பு 30 லட்சம் என்று நீதிபதிகளே சொல்கிறார்கள். விலைவாசி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். உயிரின் மதிப்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இருந்தாலும் இந்த ஒரே தொகை முறையை நான் குறை சொல்ல மாட்டேன். மாற்றாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாலை விபத்து வழக்குகளில் வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். மாதம் 9,000 ரூபாய் சம்பாதித்த 33 வயதுக்காரர் என்று வையுங்கள். அவர் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 6,000. ஆண்டுக்கு 72,000. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16. வருவது 11 லட்சத்து 52 ஆயிரம். எதிர்கால வருமான உயர்வு, ஈமச்செலவு என்று மேலே கொஞ்சம் சேரும். ஆனால் அடிப்படை அந்த 9,000 தான். அவருக்கு ஏன் 9,000 மட்டும் கிடைத்தது என்று அந்தச் சூத்திரம் கேட்காது. சாதி கூலியாகிறது, கூலி உயிரின் விலையாகிறது.

தில்லி உப்ஹார் திரையரங்கத் தீ விபத்து உங்கள் பாடத்தில் இருக்கும். 1997 ஜூன் 13, 59 பேர் இறந்தார்கள். தில்லி உயர் நீதிமன்றம் எப்படி இழப்பீடு கணக்கிட்டது தெரியுமா? பால்கனி டிக்கெட் வாங்கியவர்கள், ஆகவே மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாமல் சம்பாதித்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டது. இருபது வயதைக் கடந்தவர்களுக்கு 18 லட்சம், மற்றவர்களுக்கு 15 லட்சம். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த ஊகத்தை ஏற்காமல் 10 லட்சம், ஏழரை லட்சம் என்று குறைத்துவிட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தப் பெற்றோர்கள் நடத்திய போராட்டம் பெரிது, அதைச் சிறுமைப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. டிக்கெட் விலையைப் பார்த்து உயிருக்கு விலை வைக்கும் தர்க்கத்தில், மலக்குழிக்குள் இறங்குகிறவருக்கு எந்த டிக்கெட் என்பதுதான் என் கேள்வி.

சரி, 30 லட்சம் யார் கையிலிருந்து வருகிறது? அரசுப் பணம், அதாவது உங்கள் பணம், என் பணம், அந்த அக்கா சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரி. இறக்கிவிட்டவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் போவதில்லை. ஒப்பந்த வேலையில் மரணம் நடந்தால் ஒப்பந்தத்தை உடனே ரத்து செய்து பணப் பொறுப்பையும் சுமத்த வேண்டும் என்று பல்ராம் சிங் தீர்ப்பு சொல்கிறது. தலைப்புச் செய்தியில் 30 லட்சம் வந்தது, இது வரவில்லை.

குடும்பத்துக்குப் பணம் உடனே போக வேண்டும். வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும். அரசு முதலில் கொடுக்கட்டும், பிறகு குற்றவாளியிடம் வசூலிக்கட்டும். ஆனால் வசூலிக்க ஒரு குற்றவாளி வேண்டுமே. அவர் காணாமல் போவது முதல் தகவல் அறிக்கையில்தான். அங்கே கவனக்குறைவு மரணம் என்ற பிரிவு மட்டும் போடப்படுகிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 106. காவல் நிலையத்திலேயே பிணை கிடைத்துவிடும். 2013 சட்டம் விடுபடுகிறது. பட்டியல் சாதியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம், 2015 திருத்தத்தில் 3(1)(ஜே) என்று சேர்த்தார்கள். அதுவும் விடுபடுகிறது. (இறந்தவரின் சான்றிதழில் கிறித்தவர் என்று இருந்தால் இந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. மலக்குழி மதம் பார்ப்பதில்லை, சட்டம் பார்க்கிறது.)

2013 சட்டம் முதல் தகவல் அறிக்கையில் இல்லாவிட்டால் கணக்கிலும் இல்லை. மலம் அள்ளும் தொழிலால் கடந்த ஐந்து ஆண்டுகளில் யாரும் இறக்கவில்லை என்று 2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். சாக்கடையில் செத்தவர்கள் வேறு பட்டியலாம்.

அதனால் உங்களிடம் ஒரு வேலையோடு வந்திருக்கிறேன். உங்கள் ஊரில் இப்படி ஒரு மரணம் நடந்தால் அன்றைக்கே போங்கள். அடக்கத்துக்கான செலவை நாம் திரட்டிக் கொடுத்தாலே அந்தப் பத்திரத்தாளுக்கு வேலை இல்லாமல் போகும். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிப் பாருங்கள். 2013 சட்டம் இருக்கிறதா? வன்கொடுமைச் சட்டம் இருக்கிறதா? வேலை கொடுத்தவர் பெயர் இருக்கிறதா, மேஸ்திரி பெயரோடு நின்றுவிட்டதா? இல்லையென்றால் பிரிவுகளைச் சேர்க்கக் கோரி மனுக் கொடுங்கள், வாங்க மறுத்தால் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அந்த அக்காவுக்கு அரசு இழப்பீடு வந்துவிட்டது, பெண்ணைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறார். வழக்கு என்ன ஆனது என்று கேட்டேன். பையில் இருந்த முதல் தகவல் அறிக்கையை எடுத்து என்னிடம் நீட்டி, "இதுல அவங்க பேரு எங்க இருக்குன்னு படிச்சுக் காட்டு பாப்பா" என்றார். வீட்டுக்காரர் பெயர் அதில் இல்லை. திரும்பத் திரும்பத் தேடினேன்.