மின்சாரம் போன இரவில்

 

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்தன. இன்று ஆர்.கே.பேட்டையிலும் சமையலுக்கு இண்டக்‌ஷன், வெந்நீருக்கு ஹீட்டர் என்றாகிவிட்ட வீடுகள் உண்டு. கரண்ட் போனால், மார்கழிக் குளிரில் சுபுஹுக்கு ஒளு செய்ய வயதானவர்களுக்கு வெந்நீர் ஏது?

ஒரு கேஸ் சிலிண்டர், கம்பளி, பிளாஸ்க் கைவசம் இருக்கட்டும். மூடிய அறைக்குள் கரியடுப்பு மட்டும் வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை; தூங்குகிறவர் எழாமலே போய்விடலாம். உறங்குமுன் நெருப்பை அணைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள்.

கம்பளி இல்லாதவர்கள் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது. இன்ஷா அல்லாஹ், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.