கிரீஸ் கேட்காத புஷ்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் பத்து நிமிஷம் பேசச் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒரு புஷ்தான். அதைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், சேஸிஸோடு சேருமிடத்தில் ஒரு ஷாப்டில் ஆடுகிறது. மேடு பள்ளத்துக்கென்றே செய்த வண்டிகளில் அங்கே பெரும்பாலும் நீடில் பேரிங் இருக்கும். அது முழுச்சுற்றுச் சுற்றுவதில்லை; சில டிகிரிதான் அசையும். அதனால் கிரீஸ் ஒதுங்கிவிடும். ஊசிகள் ஒரே இடத்தில் இடித்து இடித்துப் பள்ளம் விழும். கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரை கடலோரமாக ஓட்டினால், மிச்ச வேலையை மணலும் உப்புக்காற்றும் முடித்துவிடும்.

அதற்குத்தான் பாலிமர் புஷ். 1935-ல் கரோதர்ஸ் நைலானை உருவாக்கினார். 1938-ல் பிளங்கெட்டுக்கு டெஃப்லான் தற்செயலாகக் கிடைத்தது. துருவும் பிடிக்காது, கிரீஸும் கேட்காது.

இந்தப் படிப்பு தந்த தைரியத்தில், கடலூரில் ஒரு லேத் பட்டறையில் நைலான் புஷ் கடையச் சொல்லி, துளி ஆட்டம் இல்லாமல் இறுக்கமாகப் போட்டேன். பங்குனியில் வண்டி பட்டு மாதிரி போயிற்று. ஐப்பசி மழை வந்தது. நைலானுக்குத் தாகம் அதிகம். நைலான் 6 நன்றாக ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை தண்ணீரை இழுத்துக்கொண்டு பருக்கும். வெளியே இரும்புக் குழாய் இடம் கொடுக்காததால், உள்பக்கம் பருத்து ஷாப்டைக் கவ்விக்கொண்டது. ஷாப்டு சேஸிஸ் ஓட்டையிலேயே உருண்டு உருண்டு, ஓட்டை முட்டை வடிவம் ஆயிற்று. சாமியார்பேட்டை மணலில் பின்சக்கரம் தன் வழியில் போய்விட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தது என் மகன். நல்லவேளை, இருவருக்கும் சிராய்ப்போடு போயிற்று.

பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "படிச்சவங்க நீங்க, மழைக்கு இடம் விட வேணாமா சார்?" என்றார். அந்த மார்க் இன்னும் என் கணக்கில் குறைவாகத்தான் இருக்கிறது.

பிறகு அசிட்டாலுக்கு மாறினேன். கடையில் டெல்ரின் என்று கேளுங்கள். அது குடிப்பது 1 சதவீதத்தை ஒட்டித்தான். ஆனால் ஷாப்டைக் கவனியுங்கள். துருப்பிடித்த ஷாப்டு அரம் மாதிரி புஷ்ஷைத் தின்றுவிடும். இரண்டு ஓரத்திலும் சீல் இல்லையென்றால் மணல் பிளாஸ்டிக்கில் பதிந்து ஷாப்டைத் தேய்க்கும். ஷாக் அப்சார்பரையும் சக்கரத்தையும் கழற்றி ஆர்மைத் தூக்கி விட்டால், அது தன் எடையிலேயே இறங்க வேண்டும். பாதியில் நின்றால் புஷ் இறுக்கம்.

சாப்பாட்டுக்குப் போகுமுன், வெளியே நிற்கும் உங்கள் வண்டிகளை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின் டயரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' கேட்டால் என்னிடம் வாருங்கள். ஸ்பானர் கொண்டுவந்திருக்கிறேன்.