காளானும் காமாலையும்



நம் பொள்ளாச்சிப் பக்கத்தில் இடிமழை பெய்து ஓய்ந்தால், கறையான் புற்றோரங்களில் காளான்கள் குடை விரித்து நிற்கும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளானையும் பால் காளானையும் வைக்கோலில் வளர்க்கக் கற்பித்து வருகிறது. நல்லுணவாகிய இதனை மருந்தென்று கூறுவோரும் உளர். காளான் பொடி எதிர்ப்பாற்றலைப் பெருக்கி நாள்பட்ட காமாலையையும் போக்கும் என்பது அவர்தம் கூற்று. இதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்வோம்.

மெய் உண்டு. காளானின் உயிரணுச் சுவரில் பீட்டா குளுக்கன் என்னும் பொருள் இருக்கிறது. அது நம் உடலில் உண்டாவதன்று. ஆதலின் வெள்ளணுக்கள் அதனைக் கண்டதும் அயலான் வந்தான் என்று விழித்துக்கொள்கின்றன. ஷிட்டாகே காளானிலிருந்து எடுத்த லென்டினன் என்னும் இவ்வகைப் பொருளை ஜப்பானிய அறிஞர் 1969-இல் அறிவித்தனர். பின்னர் அது அந்நாட்டில் இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணை மருந்தாயிற்று.

ஆனால், காமாலையை உண்டாக்கும் வைரஸ்களுள் ஒன்றாகிய ஹெப்படைட்டிஸ் பி எளிய பகையன்று. அது தன் மரபுப்பொருளைக் கல்லீரல் உயிரணுவின் உட்கருவிலேயே ஒளித்து வைக்கிறது. அதனை அழிக்க முனையும் எதிர்ப்பாற்றலே கல்லீரலையும் புண்படுத்துகிறது. எனவே எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது வேறு. நோயைத் தீர்ப்பது வேறு.

பின், உண்மையை அறிவது எங்ஙனம்? காளானைவிட நமக்கு நெருங்கிய கீழாநெல்லியின் வரலாற்றைக் கேளுங்கள். இவ்வைரஸைத் தாங்கியிருந்தோரை இரு கூறாக்கிச் சென்னை ஆராய்ச்சியாளர் ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடியையும், மறு சாராருக்கு வெற்றுப் பொடியையும் 30 நாள் அளித்தனர். முடிவு 1988-இல் வெளியாயிற்று. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளப் புரதம் இரத்தத்தில் மறைந்தது. வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆயினும் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நிகழ்ந்த சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. வழிவழியாகப் போற்றிய மூலிகையே இத்தேர்வை எழுத வேண்டுமெனில், கடைப்பொடிக்கு விலக்கு உண்டோ?

காளானை உணவாக உண்ணுங்கள். இன்னதென்று தெரியாத காட்டுக் காளானைத் தொடாதீர்கள். நோயுற்றோர் பொடியை நம்பி மருத்துவரை நாடத் தாழ்த்தலாகாது. இவ்வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி இடப்பெறல் வேண்டும்.

வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த நான் உங்களிடம் வேண்டுவது ஒன்றே. ஒரு பொருள் நோயைப் போக்கும் என்று எவரேனும் கூறினால், "எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? கொடாதவர் நிலை என்ன?" என்று பணிவுடன் கேளுங்கள்.