மட்டையாளரும் எண்களும்



எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கண்டவர் வள்ளுவர். இலக்கிய அவையில் எழுத்தைப் பற்றிய பேச்சே மிகுதி. ஆதலின் மற்றொரு கண்ணாகிய எண், கிரிக்கெட் மட்டையாளரின் திறனை எங்ஙனம் அளக்கிறது, எங்கே அளக்கத் தவறுகிறது என்று காண்பதும் பொருத்தமே.

பழைய அளவுகோல் சராசரி. எடுத்த ஓட்டங்களை ஆட்டமிழந்த எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அது. ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன் டெஸ்ட் ஆட்டங்களில் 80 முறை களமிறங்கி 6,996 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றுள் 10 முறை ஆட்டமிழக்கவில்லை. எனவே 70 ஆல் வகுக்க, 99.94 என்னும் புகழ்பெற்ற எண் பிறக்கிறது. ஆயினும் ஓட்டங்கள் எவ்வளவு விரைவில் வந்தன என்பதைச் சராசரி சொல்லாது. அக்குறையை நீக்குவது, 100 பந்துகளுக்கு எத்தனை ஓட்டங்கள் எனக் கணக்கிடும் ஸ்டிரைக் ரேட்.

அமெரிக்கரின் பேஸ்பாலிலும் இச்சிக்கல் உண்டு. அடித்துத் தளம் சேர்வதை மட்டுமே பழைய சராசரி கணக்கிட்டது. தவறான பந்துகளைப் பொறுமையுடன் விட்டுவிட்டு நடந்தே தளம் சேரும் திறன் விடுபட்டது. பிற்காலத்தார் அதனையும் சேர்த்துப் புதிய அளவுகளை வகுத்தனர்.

எனினும் எண்ணுக்குச் சூழ்நிலை தெரிவதில்லை. 1975 சனவரியில், சென்னைச் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட்டுகளைச் சாய்க்க, இந்தியா 190 ஓட்டங்களில் சுருண்டது. அதில் பாதிக்கு மேல், 97 ஓட்டங்கள், இறுதிவரை ஆட்டமிழக்காத விசுவநாத்துடையவை. இந்தியா 100 ஓட்டங்களில் வென்றது. சதங்களின் பட்டியலில் அந்த ஆட்டத்திற்கு இடமில்லை! 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் சென்னையின் ஸ்ரீகாந்த் எடுத்த 38 ஓட்டங்களும் அத்தகையவே. சிறிய எண்தான், ஆயினும் இரு அணிகளிலும் அதனை மிஞ்சியவர் எவருமில்லை.

புதுவைக்கு இது நெருக்கமான செய்தி. இங்கு ரஞ்சிக் கோப்பைக்கான தனி அணி வாய்த்தது 2018-19 பருவத்தில்தான். அதற்கு முன் இவ்வூர்த் தெருக்களிலும் திடல்களிலும் ஆடிய இளைஞரின் ஓட்டங்கள், புதுவையின் பெயரால் முதல்தர ஆட்ட ஏட்டில் ஏறியதில்லை. எண் இல்லாமை திறன் இல்லாமை ஆகாது.

இன்று ஏடு உண்டு. இனி வேறொரு கவனம் வேண்டும். 10 முறை ஆட்டமிழந்து 300 ஓட்டங்கள் எடுத்த இளைஞனின் சராசரி 30. அடுத்த முறை 110 எடுத்து ஆட்டமிழந்தால் அது 37ஐத் தாண்டிவிடும். ஒரே நாளில் இவ்வளவு மாறும் எண்ணைக் கொண்டு ஓர் இளைஞனின் எதிர்காலத்தை முடிவு செய்தல் தகுமா? எந்தக் களத்தில், எத்தகைய பந்துவீச்சை எதிர்த்து, அணி எந்நிலையில் இருந்தபோது ஆடினான் என்பதை அருகிருந்து கண்டவர் எழுதிவைக்க வேண்டும். தேர்வாளர் அதனையும் படிக்க வேண்டும்.

ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் சரிவரப் புலப்படாது. எண்ணோடு எழுத்தும் சேர்ந்தால்தான் ஆட்டக்காரன் முழுமையாகத் தெரிவான்.